டெனிஸ்ரனை எந்தப் பக்கத்தில் எழுதுவது

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இது என்னுடைய கதை இல்லை. ஹேர்னிங்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில், துவாய் மடித்துக்கொண்டிருந்தபோது என் கைக்கு வந்தது. சொன்னவர் மேரிசெலின் அக்கா. ஒன்பது வருடமாக நாங்கள் சேர்ந்து வேலை செய்கிறோம். பெரிய துவாயை மூன்றாக மடிப்பதா நாலாக மடிப்பதா என்பதில் அந்த ஒன்பது வருடமும் எங்களுக்குள் சண்டை உண்டு. மற்றப்படி ஒற்றுமைக்குக் குறைவில்லை.

"அபிதா, வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டை ஒரு யூதர் வந்தவர்" என்றார்.

"என்னத்துக்கக்கா?"

"கலெக்சனுக்கு."

டென்மார்க்கில் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்டவர்களை எழுத வெளிக்கிட்டால் ஒரு கொப்பி போதாது. கோயில் கட்டுகிறவர்கள், தேர் செய்கிறவர்கள், பழைய மாணவர் சங்கத்து ஆட்கள். ஒருமுறை ஊரில் குளம் வெட்டவென்று ஒருவர் வந்து, குளத்தின் படத்தையும் காட்டினார். படத்தில் குளம் ஏற்கெனவே வெட்டித்தான் இருந்தது. ஆனால் யூதர் ஒருவர் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இடத்திலேயே இதை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். எழுதுகிறவளின் புத்தி அப்படித்தான். அக்கா தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார், நான் தலைப்பு யோசிக்கிறேன்.

அக்கா முக்கால்வாசி சொன்னார். அப்போது பதினாலாம் அறையில் மணி அடித்தது, எழும்பிப் போய்விட்டார். மிச்சக் கால்வாசியை இன்றுவரை சொல்லவில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். கடைசியில் வந்து என்னை ஏசக் கூடாது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையொன்றில் மழை தூறிக்கொண்டிருக்க, ஹேர்னிங் ரெயில் நிலையத்தில் கறுத்த தொப்பி அணிந்த மனிதர் ஒருவர்—"

நிறுத்திவிட்டேன். யூட்லாந்தில் நவம்பரில் மழை தூறாவிட்டால்தான் அதை எழுத வேண்டும்.

இரண்டு: "யூதர்களிடத்தில் 'மெசுலாக்' என்றொருவர் உண்டு. அனுப்பப்பட்டவர் என்று பொருள். ஓர் ஊரின் பள்ளிக்கூடத்துக்கோ ஏழைகளின் அடுப்புக்கோ காசு சேர்க்க, அந்த ஊர் ஒருவரிடம் கடிதம் கொடுத்து உலகத்துக்கு அனுப்பும். பல நூறு வருடங்களாகக் கழுதையிலும் கப்பலிலும் இவர்கள்—"

இது கட்டுரை. ஏதாவது ஆண்டுமலரில் போடுவார்கள். விட்டுவிட்டேன். (அனுப்பப்பட்டவர் என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்திருங்கள். 'அப்போஸ்தலர்' என்பதற்கும் அதே பொருள்தான் என்று செலின் அக்கா சொன்னார். நான் சைவம், எனக்கு இது புதினம்.)

மூன்று: "கலெக்சன்காரரைத் தூரத்தில் கண்டாலே யேசுரட்ணம் அண்ணைக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அவரும் ஒரு கலெக்சன்காரர்."

இது நிற்கட்டும். இதிலிருந்து போவோம்.

3

யேசுரட்ணம் அண்ணை செலின் அக்காவின் கணவர். மன்னாரில் பிறந்தவர். முப்பது வருடம் இங்கே துணி ஆலையில் நின்று, முதுகு போய், இப்போது வேளைக்கே பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறார். தன் ஊர்க் கோவிலுக்கு மணிக்கூண்டு கட்டவென்று ஒரு காலத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு எஸ்பியர்க், கோல்டிங் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியவர். மணி வாங்கினார்கள். கூண்டு எழும்பவில்லை. மணி இன்னும் பங்குமனையில் சாக்கால் மூடிக்கிடக்கிறது.

அதே அண்ணை, தன் வீட்டுக்கு யாராவது பையும் கையுமாக வந்தால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் குந்திக்கொள்வார். தொழில் தெரிந்தவர். ஜன்னலால் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கதவிலே அவர்களின் பெயர்ப்பலகை. அதில் எழுதியிருப்பது: SALOMON.

இதை விளங்கப்படுத்தத்தான் வேண்டும். அண்ணையின் தகப்பன் பெயர் சலமோன். நாங்கள் தகப்பன் பெயரை எங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற சனம். எண்பத்தாறில் அகதியாக வந்தபோது பொலிஸ்காரர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அண்ணையிடம் குடும்பம் இருந்தது, குடும்பப் பெயர் இருக்கவில்லை. தகப்பன் பெயரைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் சலமோன். கலியாணம் கட்டி வந்த செலின் அக்காவும் சலமோன். "நான் முகமே காணாத மாமாவின்ரை பேரிலைதான் எனக்குச் சம்பளம் வருகுது" என்று அக்கா சொல்வார்.

எருசலேமில் இருந்து ஒருவர் டென்மார்க்குக்கு வந்து, கொப்பன்ஹேகனில் இருக்கிற தன் ஆட்களையெல்லாம் பார்த்து முடித்து, இன்னும் சேர வேண்டியது கிடக்கிறதே என்று இணையத்தில் பெயர்களைத் தேடினால், ஹேர்னிங்கில் ஒரு சலமோன் வரத்தானே செய்யும்? முதல்நாள் ஓகூஸில் ஒரு வீடு. அடுத்த நாள் காலை ஹேர்னிங்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா சொன்ன பெயரைச் சரியாகப் பிடிக்கவில்லை, பிறகு கேட்கவும் கூச்சம். நான் நப்தலி என்று வைத்திருக்கிறேன். வேதாகமத்தில் உள்ள பெயர். பொருந்தாவிட்டால் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

4

[இந்தப் பகுதியை எழுதாமல் தப்பலாமா என்று பார்த்தேன். தப்ப முடியாது. இதில்தான் கதை கிடக்கிறது.]

செலின் அக்காவுக்கு ஒரு தம்பி. டெனிஸ்ரன். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில், வன்னியில், சனத்தோடு சனமாக நடந்து வந்தவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு நவம்பரும் தமிழ்ப் பூசையில் பெயர்கள் வாசிப்பார்கள். நவம்பர், இறந்த ஆன்மாக்களுக்கான மாதம். பெயர்களைச் சேர்க்கிறவர் கிறிஸ்துநாயகம் அண்ணை. அவரிடம் இரண்டு விதமான கடித உறை இருக்கும். உயிரோடிருப்பவர்களுக்கு வெள்ளை, இறந்தவர்களுக்கு ஊதா. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பட்டியல் போடுகிறவர். வருடா வருடம் கேட்பார்: "தங்கச்சி, டெனிஸ்ரனை எதிலை போடுறது?"

அக்கா இரண்டு உறையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். இரண்டையும் மேசை லாச்சிக்குள் போடுவார். இப்போது லாச்சி சரியாக மூடுவதில்லை.

மன்னாரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்லுவாராம்: "பிள்ளை, ஊதாவிலை போட்டிடாதை. நான் பெத்தனான், எனக்குத் தெரியும்." அம்மா பெயர் மாக்கிறெற். அந்த அம்மா இந்த மாசியில் கண்ணை மூடினார். அதோடு ஊதாவில் போடாதே என்று சொல்ல ஆளில்லை. போடு என்று சொல்லவும் ஆளில்லை. கிறிஸ்துநாயகம் அண்ணை இந்தமுறை, "ஞாயிற்றுக்கிழமை பட்டியல் முடியுது தங்கச்சி. இனி நீர்தான் சொல்ல வேணும்" என்றிருக்கிறார்.

நப்தலி வந்தது அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளி. இவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் வாழைப்பழமும் ரெயினும்.

5

காலை ஒன்பதரை. மணி அடித்தது. அண்ணை ஜன்னலால் பார்த்தார்: கறுத்த கோட்டு, கறுத்த தொப்பி, தாடி, தோளில் பை.

"செலின், கலெக்சன்" என்று சொல்லிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனார்.

"ஆரப்பா?"

"தெரியேல்லை. ஆனால் பை தொங்கிற விதத்தைப் பார்க்கேக்கை கலெக்சன்தான்."

அக்கா கதவைத் திறந்தார். வெளியே நின்றவர் அக்காவைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், திரும்பவும் அக்காவைப் பார்த்தார். பிறகு வலதுபக்கக் கதவு நிலையில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைப் பெட்டியை விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டு, உள்ளே காலெடுத்து வைத்தார்.

அந்தப் பெட்டி கள்ளர் எச்சரிக்கைக் கருவி. போன வருடம் பக்கத்து வீட்டில் கள்ளர் புகுந்த பிறகு பூட்டியது. யூதர் வீட்டு நிலையில் வேதவாக்கியம் வைத்த சிறு பெட்டி இருக்கும், வருகிறவர்கள் தொட்டு முத்தமிடுவார்கள் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. நல்ல மரியாதையான மனிதர், எங்கள் வீட்டுக் கருவியையே கும்பிடுகிறார் என்று நினைத்தாராம்.

அவர் கைகொடுக்கவில்லை. தலையை மட்டும் குனிந்தார். முப்பது வருட டென்மார்க்கில் தனக்குக் கைநீட்டாத முதல் வெளி ஆம்பிளை இவர்தான் என்றும், அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றும் அக்கா சொன்னார். வந்தவர் சப்பாத்தைக் கழற்றினார். நனைந்த காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அந்த ஓட்டையைக் கண்டதும் ஆள் கள்ளன் இல்லை என்று அக்கா முடிவு கட்டினார்.

வரவேற்பறைக்கு வந்து நிமிர்ந்தவருக்கு நேரே, சிவப்பு மின்விளக்கோடு திருஇருதய ஆண்டவர் படம். நாலடி உயரம்.

அவர் முகவரி எழுதிய கடதாசியை எடுத்துத் திரும்பவும் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தமும் இல்லை.

"சலமோன்?" என்று நப்தலி ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

"எங்கடை மாமா" என்றார் அக்கா.

(ஓர் ஒப்புதல். முதற்பிரதியில் நப்தலி வேதாகமத் தமிழில் பேசினார். "மெய்யாகவே சொல்லுகிறேன், நான் வழிதப்பி உம்முடைய வீட்டண்டை வந்தேன்" என்றெல்லாம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் பேசியது களைத்துப்போன ஒருவரின் ஆங்கிலம். அதைச் சும்மா தமிழில் தருகிறேன்.

இன்னொன்று. முதற்பிரதியில் அவர் ஒரு மோசடிக்காரர். இரண்டாவதில் ஞானி. இரண்டும் எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் காலுறை ஓட்டை இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.)

6

நப்தலி மன்னிப்புக் கேட்டார். பெயரைப் பார்த்துத் தவறாக வந்துவிட்டேன் என்றார். தன் ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை நடக்கிறது, நோயாளிகளோடு வந்து நிற்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், அதற்காகத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி, கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். "ஆனால் நீங்கள் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. இது உங்கள் கடமை இல்லை" என்றார்.

இந்த இடத்தில்தான் யேசுரட்ணம் அண்ணை சோபாவுக்குப் பின்னால் இருந்து எழும்பினார். நப்தலி திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார்.

"என்ன, வேண்டாமோ?" என்றார் அண்ணை, முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "செலின், முப்பத்தெட்டு வருசத்திலை காசு வேண்டாமெண்டு சொன்ன கலெக்சன்காரனை இண்டைக்குத்தான் காணுறன். எங்கடை காசு என்ன, காசில்லையோ?"

இருநூறு குறோனரை எடுத்து நீட்டினார். நப்தலி வேண்டாம் என்றார். அண்ணை மேசையில் வைத்தார். நப்தலி திரும்பத் தள்ளினார். கடைசியில், ஒரு மனிதனைக் கோபப்படுத்திவிட்டுப் போவதும் சரியில்லை, சமாதானத்துக்காக வாங்கலாம் என்று எங்களுக்கொரு வழி இருக்கிறது என்று சொல்லி வாங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தொழில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை மணிக்குக் கதவு தட்டினால் ஆள் இருக்கும். யார் "அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள், யாருக்கு அந்த அடுத்த கிழமை வரவே வராது. பெரிய வீடு என்றால் ஏன் சின்னத் தொகை. ஜன்னல் திரை அசைந்ததைக் கண்டபிறகும் திரும்பி நடக்க வேண்டிவரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. மணிக்கூண்டு கட்டுப்படாத கதையை அண்ணை சொன்னார். நப்தலி அதற்குச் சிரிக்கவில்லை. "மணி இருக்கிறதல்லவா?" என்றார். அண்ணைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மனிதர் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. மாட்டிறைச்சி ரோல்ஸ் இருந்தது, மாட்டேன் என்றார். கேக் இருந்தது, மாட்டேன் என்றார். வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணியும் மாட்டேன் என்றார். தங்கள் சாப்பாட்டு முறைக்கு ஒத்துவராது என்று பணிவாகத்தான் சொன்னார். "தோல் உரிக்கிற பழம் ஏதும் இருந்தால்" என்று கடைசியில் கேட்டார்.

அக்கா ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். நப்தலி அதற்கு ஒரு சின்னச் செபத்தைச் சொல்லிவிட்டு, பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, காம்பை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் உரித்தார்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார்.

7

கொப்பன்ஹேகன் போக அவருக்குப் பத்து ஐம்பது ரெயினை விட்டால் வேறு இல்லை. வெள்ளி மாலை பொழுதுபட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு வண்டி ஏற மாட்டார். நவம்பரில் இங்கே நாலு மணிக்கே பொழுது படுகிறது. அண்ணை "நான் கொண்டுபோய் விடுறன்" என்று கார்ச் சாவியை எடுத்தார். பழைய டீசல் கார். மழை நாளில் கண்ணாடியெல்லாம் புகார் பிடித்து வெளியே தெரியாது, பத்து நிமிடமாவது ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். வெளியே போனார்.

உடனே நப்தலி எழும்பிப் போய் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தார். அந்நியப் பெண்ணோடு மூடிய வீட்டுக்குள் தனியே இருப்பது அவர்கள் வழக்கம் இல்லையாம். குளிர்காற்று உள்ளே வந்தது. "ஹீற்றர் போட்டிருக்கு, கதவைச் சாத்து செலின்!" என்று அண்ணை வெளியே நின்று கத்தினார். அக்கா சாத்தவில்லை.

(கோல்டிங்கில் இருக்கும் நண்பர் ஜூலியன் இந்தக் கதையின் பிரதியை வாசித்தார். வாசிப்பதைவிட அபிப்பிராயம் கூடியவர். "இந்தக் காலத்திலை போய் யூதரைப் பற்றி எழுதுறீரே, நீர் எந்தப் பக்கம் நிக்கிறீர்?" என்று கேட்டார். திறந்த கதவுப் பக்கம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லைத்தான்.)

"என்ரை தம்பியும் இப்பிடித்தான்" என்று அக்கா வாழைப்பழத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவின் ஆங்கிலத்தில் காலம் கிடையாது. 'மை பிரதர் ஆல்சோ லைக் திஸ்' என்றாராம். இருக்கிறானா இருந்தானா என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவராலும் சொல்ல முடியாது.

நப்தலி பைக்குள் இருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். வாங்கிக்கொண்டு சும்மா போவது தனக்குப் பழக்கமில்லை, தான் அனுப்பப்பட்டவன், போகும்போது எதையாவது கொண்டுபோக வேண்டும் என்றார். யாருக்காகச் செபிக்க வேண்டுமோ அவருடைய பெயரை எழுதுங்கள், சமையலறையில் காலையில் கூடும் ஆட்கள் வாசிப்பார்கள். "முழுப் பெயர்" என்றார்.

அக்கா பேனையை வாங்கி ஆங்கில எழுத்தில் எழுதினார். யோசிக்கவில்லை. முழுப் பெயர் என்றால் நாங்கள் எப்படி எழுதுவோம்? தகப்பன் பெயரை முன்னால் போட்டுத்தானே எழுதுவோம். பள்ளிக்கூட வரவு இடாப்பிலும் அப்படித்தான், பங்கீட்டுக் கூப்பன் மட்டையிலும் அப்படித்தான், காணாமற்போனோர் அலுவலகத்துப் படிவத்தில் அக்கா ஏழு தரம் எழுதியதும் அப்படித்தான்.

அந்தோனிதாசன் டெனிஸ்ரன்.

நப்தலி எழுத்துக் கூட்டி வாசித்தார். "அந்தோனிதாசன். இது தாயின் பெயரா?"

"தகப்பன்."

"ஓ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியென்றால் பின்பக்கத்தில் எழுத வேண்டும். ஆன்மாக்களின் பக்கம் பின்னால் இருக்கிறது" என்று கொப்பியைத் திருப்பப் போனார்.

"ஏன்?"

எங்கள் வழக்கம் என்று அவர் விளங்கப்படுத்தினார். உயிரோடிருக்கும் ஒருவருக்காகச் செபிக்கும்போது தாயின் பெயரைச் சொல்லி அழைப்போம்: இன்ன தாயின் மகன். இறந்தவரை நினைக்கும்போது தகப்பனின் பெயர்.

அக்காவின் கை கொப்பிக்கு மேலேயே நின்றது. பதினைந்து வருடம் எழுத மறுத்ததைத் தன் கையாலேயே, தன் கையெழுத்தில், ஒரு பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு பொலிஸ்காரரிடம் தகப்பன் பெயரைக் கொடுத்ததால்தான் இந்த மனிதர் இந்த வாசலுக்கே வந்தார். அதே பழக்கம் இப்போது தம்பியைக் கொப்பியின் பின்பக்கத்துக்குத் தள்ளுகிறது.

"எனக்கு அழுகை வரேல்லை அபிதா" என்றார் அக்கா. "கோவம் வந்தது. ஆரிலை எண்டு தெரியேல்லை."

நப்தலிக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கொப்பியைத் திருப்பவில்லை. "தாயின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே அண்ணை ஹோர்ன் அடித்தார். பத்து முப்பத்தைந்து.

அக்கா பேனையை—

8

இங்கேதான் பதினாலாம் அறையின் மணி அடித்தது.

9

முடிவு அ. அக்கா அந்தோனிதாசனை வெட்டிவிட்டு, மாக்கிறெற் என்று எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உறை. அம்மாவின் சொல் காப்பாற்றப்பட்டது. அழகான முடிவு. வாசிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள், எனக்குக் கடிதம் எழுதுவார்கள். ஆனால் அக்கா இன்னும் எத்தனை நவம்பருக்கு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பது? அதை நான் எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். விழித்திருப்பது அவர்.

முடிவு ஆ. "சரி, பின்னாலை எழுதுங்கோ" என்கிறார். ஊதா உறை. லாச்சி ஒழுங்காக மூடுகிறது. இதை எழுதி முடித்து ஒருதரம் வாசித்தேன். முகமறியாத ஒருவனை நான் ஹேர்னிங்கில் இருந்து கொண்டே கொன்றுவிட்டது போல இருந்தது. அழித்துவிட்டேன்.

முடிவு இ. அக்கா ஒன்றும் எழுதவில்லை. நப்தலியே ரெயினில் இருந்து யோசித்து ஏதோ ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். இதில் ஒரு கஷ்டம்: நான் அவரோடு ரெயில் ஏறவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான், அதுவும் யேசுரட்ணம் அண்ணை சொல்லித் தெரிந்தவை. அவர் உள்ளே வந்தபோது கொப்பி மூடியிருந்தது. அக்காவின் கையில் வாழைப்பழத் தோல். ரெயின் வெளிக்கிட இரண்டு நிமிடம் இருக்கப் பிடித்தார்கள். படியில் ஏறுமுன் நப்தலி திரும்பி, "உங்கள் தாயின் பெயர் என்ன?" என்று அண்ணையைக் கேட்டார். "எலிசபெத்து" என்றாராம் அண்ணை. "இவ்வளவு காலத்திலை இந்த நாட்டிலை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை, பிள்ளை. நான் ரெண்டு தரம் சொன்னன்" என்றார். பிறகு, இருநூறுக்கு அந்தாள் பற்றுச்சீட்டுத் தரவில்லை என்றும் சொன்னார்.

10

உண்மையில் எனக்கு முடிவு ஒருமுறை கிடைக்க இருந்தது. சென்ற சனிக்கிழமை தமிழ்க்கடையில் கிறிஸ்துநாயகம் அண்ணை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "பிள்ளை, உம்மோடை வேலை செய்யிற செலின் இந்தமுறை உறை தந்திட்டாவெல்லோ. நானே திகைச்சுப் போனன். அது—"

நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் போகுமட்டும் குந்தியிருந்தேன். யேசுரட்ணம் அண்ணையிடம் படித்த வித்தை.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டால் எழுதிவிடுவேன். என்னை நான் அறிவேன்.

11

டேனிஷில் இந்தக் கதையை எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாது. இரண்டாவது வசனத்திலேயே 'எ' என்பதா 'வா' என்பதா, இருக்கிறானா இருந்தானா என்று கழுத்தில் பிடித்துக் கேட்கும். தமிழில் ஒரு வினை வடிவம் இருக்கிறது. டெனிஸ்ரன் பந்தடிப்பான். டெனிஸ்ரன் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓடுவான். டெனிஸ்ரன் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிடுவான். முன்பு அப்படிச் செய்வான் என்றும் எடுக்கலாம், இப்போதும் எங்கேயோ இருந்து செய்வான் என்றும் எடுக்கலாம், இனிமேல் செய்வான் என்றும் எடுக்கலாம். பதினைந்து வருடமாக அக்கா தம்பியைப் பற்றி இந்த ஒரு வடிவத்தில் மட்டும்தான் கதைத்து வந்திருக்கிறார். இதை எழுதும்வரை நான் கவனிக்கவில்லை. கவனித்ததும் எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேனை உங்களுடையது. வெட்டித் திருத்த இடமில்லை, நப்தலியின் கொப்பியிலும் இருக்கவில்லை.

டெனிஸ்ரன், .................................. மகன்.

12

இதுவரை எழுதியதை நேற்றுச் சலவை அறையில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதியவளுக்கு அந்தக் கடமை உண்டு. அவர் துவாய் மடித்தபடியே கேட்டார். சோபா இடத்தில் சிரித்தார். கொப்பி இடத்தில் கை நின்றது, பிறகு மடித்தது. கோடு போட்ட இடம் வந்ததும் நான் நிறுத்தி, அவருடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

அவர் என் கையிலிருந்த துவாயை வாங்கி உதறி, நான் நாலாக மடித்ததை மூன்றாக மடித்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். "அவன் வாழைப்பழத்தை அடிப்பக்கத்தாலைதான் உரிப்பான். அதை மட்டும் மாத்திப் போடாதை."